நிலக்கரி கடந்துபோகும் ஆறு. படிகாரம் இட்டுத் தெளிய வைக்கும் குடிநீர்: இந்தோனேசியாவின் மகாகம் கரை ஊர்கள்

இந்தோனேசியாவின் கிழக்கு கலிமந்தான் மாகாணத்தில் பாயும் மகாகம் ஆற்றில், பார்ஜ் எனப்படும் தட்டையான சரக்குப் படகுகளை இழுவைப் படகுகள் கடலை நோக்கி இழுத்துச் செல்வது அன்றாடக் காட்சி. 300 அடி நீளமுள்ள ஒரு பார்ஜில் ஏறக்குறைய 7,500 டன் நிலக்கரி ஏற்றப்படுகிறது. அது கடந்து போகும்போது எழும் அலை, கரையோர வீடுகளைத் தாங்கி நிற்கும் மரத்தூண்களில் மோதுகிறது. வீட்டு வாசலில் கட்டப்பட்டிருக்கும் மரக்கட்டைத் தெப்பமும் ஆடுகிறது. பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும் அந்தத் தெப்பத்தில்தான். பலகைகளால் நான்கு பக்கமும் மறைக்கப்பட்ட கழிப்பிடமும் அதே தெப்பத்தின் ஒரு மூலையில் இருக்கிறது.

அந்த நிலக்கரியின் ஒரு பகுதி இந்தியாவுக்கு வருகிறது. இந்தியா இறக்குமதி செய்யும் அனல்மின் நிலக்கரியில் மிகப் பெரிய பங்கை அளிக்கும் நாடு இந்தோனேசியா. அந்நாட்டில் நிலக்கரி அதிகமாக எடுக்கப்படும் மாகாணம் கிழக்கு கலிமந்தான். ஆகவே மகாகம் கரையில் உள்ள ஊர்களின் நிலை, தொலைதூர நாடொன்றின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடியதல்ல. இங்கு வீடுகளில் எரியும் விளக்குக்கும் அங்கு வாசலில் ஆடும் தெப்பத்துக்கும் இடையே ஒரு வணிகத் தொடர்பு இருக்கிறது.

ஆறே தெருவாக உள்ள ஊர்கள்

போர்னியோ தீவின் நடுப்பகுதியில், மலேசியாவின் சரவாக் எல்லையை ஒட்டிய மலைகளில் மகாகம் உற்பத்தியாகிறது. 900 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, மாகாணத் தலைநகர் சமரிண்டாவைக் கடந்து, பல கிளைகளாகப் பிரிந்து மக்காசார் நீரிணையில் கலக்கிறது. மேற்பகுதியில் தயாக் இன மக்களின் ஊர்கள் உள்ளன. நடுப்பகுதியில் குத்தாய், பஞ்சார் இன மக்கள் அதிகம். கடலை நெருங்கும்போது பூகிஸ் இனத்தவரின் குடியிருப்புகளும் நகரங்களும் தொடங்குகின்றன.

ஆற்றோர வாழ்க்கையை முழுமையாகக் காண வேண்டுமானால் நடுப்பகுதிக்குத்தான் செல்ல வேண்டும். ஜெம்பாங், செமாயாங், மெலிந்தாங் என்ற மூன்று பெரிய ஏரிகள் இங்கு ஆற்றோடு இணைந்துள்ளன. ஆறு பெருகினால் நீர் ஏரிகளுக்குள் புகும். ஆறு வடிந்தால் ஏரிகளின் நீர் ஆற்றுக்குத் திரும்பும். முவாரா முந்தாய், ஜந்தூர், பேலா, முவாரா எங்கெலாம் முதலிய ஊர்கள் இந்த நீரின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே அமைந்தவை. நிலமட்டத்துக்கும் வெள்ளமட்டத்துக்கும் இடையே பல மீட்டர் வேறுபாடு உள்ளதால், வீடுகள் உயரமான தூண்களின் மீது நிற்கின்றன. சில ஊர்களில் வீடுகளே மிதக்கின்றன.

முவாரா முந்தாயில் தெரு என்பது பலகைப் பாதை. 'உலின்' என்ற மரத்தால் அமைக்கப்பட்ட இப்பாதையின் மீது நடந்தும் மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் மக்கள் செல்கின்றனர். இரும்பு மரம் என்று அழைக்கப்படும் உலின், நீரிலும் சேற்றிலும் பல பத்தாண்டுகள் மக்காமல் நிற்கும். ஆனால் அது மிக மெதுவாக வளரும் மரம். அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால் காடுகளில் அது அரிதாகி, விலை உயர்ந்துவிட்டது. பழைய தூண் உளுத்தால் அதே மரத்தில் புதிய தூண் நட எல்லாக் குடும்பங்களாலும் முடிவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அழகாகத் தெரியும் பலகைத் தெருவுக்கு இன்னொரு முகமும் உண்டு. வீடுகள் நெருக்கமாக, முழுதும் மரத்தால் ஆனவை என்பதால், ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசையே எரிந்துபோகும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. கீழே ஆறு ஓடியும் தீயணைப்பு வாகனம் நுழைய வழி இல்லை.

நீர் இருக்கிறது, குடிநீர் இல்லை

சுற்றிலும் நீர் சூழ்ந்த இவ்வூர்களின் முதல் சிக்கல் குடிநீர். ஆற்று நீரைக் குடத்திலோ பீப்பாயிலோ எடுத்து, படிகாரம் இட்டு, மண் அடியில் தங்கும் வரை காத்திருந்து பயன்படுத்துவது கலிமந்தானின் பழைய வழக்கம். மழைக்காலத்தில் கூரையிலிருந்து வழியும் நீரைச் சேமிக்கின்றனர். வசதி உள்ளவர்கள் சுத்திகரித்த நீரைக் கேன்களில் வாங்குகின்றனர். உள்ளாட்சி குடிநீர் நிறுவனத்தின் குழாய் சில ஊர்களை எட்டியுள்ளது. அந்தக் குழாய்க்கான நீரும் அதே ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும். கிருமிகளை முழுமையாக நீக்காது, கரைந்திருக்கும் உலோகங்களை நம்பத்தக்க அளவில் பிரித்தெடுக்காது. முன்பு ஆற்றில் கலந்தது பெரும்பாலும் மண்ணும் மனிதக் கழிவும்தான். இப்போது மேற்பகுதியில் காடு அழிக்கப்பட்ட நிலங்களிலிருந்து வண்டலும், எண்ணெய்ப் பனைத் தோட்டங்களிலிருந்து உரமும் பூச்சிக்கொல்லியும், சுரங்கப் பகுதிகளிலிருந்து வழியும் நீரும், படகுகளின் எரிபொருளும் சேர்கின்றன. தெப்பத்துக் கழிப்பிடத்தை மட்டும் குறைகூறி, மக்களுக்குச் சுகாதார அறிவு இல்லை என்று முடித்துவிடும் அறிக்கைகள் இந்த மாற்றத்தைக் கவனிப்பதில்லை. ஆறு மாதம் நீரில் மூழ்கும் நிலத்தில் சாதாரணக் கழிவுநீர்த் தொட்டி அமைக்க இயலாது என்பதும் அவற்றில் இடம்பெறுவதில்லை. மிதக்கும் வீடுகளுக்கும் தூண் வீடுகளுக்கும் ஏற்ற மூடிய தொட்டிகள் தொழில்நுட்ப அளவில் உள்ளன. அவற்றைப் பொருத்தவும் பராமரிக்கவும் பணமும் ஆளும் தேவை.

மருத்துவத்திலும் இதே தடைகள் உள்ளன. 'புஸ்கெஸ்மாஸ்' என்ற ஆரம்ப சுகாதார நிலையங்கள் வட்டத் தலைநகரங்களில் இயங்குகின்றன. அதற்கு மேற்பட்ட சிகிச்சை வேண்டுமானால் படகில் ஏறி, பிறகு சாலையைப் பிடித்து, மாவட்டத் தலைநகர் தெங்காரோங்குக்கோ சமரிண்டாவுக்கோ செல்ல வேண்டும். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால், அந்தப் பயணம் ஆற்றின் நீர்மட்டத்தையும் படகோட்டியின் துணிவையும் பொறுத்தது.

விரால் மீனும் கறுப்பு நீரும்

இவ்வூர்களுக்குச் சோறு போடுவது மீன். விரால், கெளுத்தி வகைகள், கெண்டை இனங்கள் எனப் பலவும் இந்த ஏரிகளில் கிடைக்கின்றன. சமரிண்டாவின் காலை உணவுக் கடைகளில் மஞ்சள் சோற்றுடன் பரிமாறப்படும் சிவந்த மசாலா விராலுக்கு நடு மகாகம் ஏரிகள் முக்கிய ஊற்று. எஞ்சிய மீன் உப்பிட்டு உலர்த்தப்பட்டு, கருவாடாக ஜாவா தீவு வரை செல்கிறது. வீட்டு முன்பலகையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து மீனைப் பிளந்து சுத்தம் செய்வதே ஊரின் தொழிற்கூடம். புள்ளிவிவரங்களில் 'மீனவர்' என்று பதிவாவது பெரும்பாலும் ஆண்தான். பிடிபட்ட மீனைக் காசாக மாற்றும் உழைப்பில் பாதிக்கு மேல் பெண்களுடையது என்பது இங்கு வந்து பார்க்கும் எவருக்கும் தெரியும்.

ஏரிகளின் இயல்பே மீன் வளத்துக்குக் காரணம். வெள்ளக் காலத்தில் நீர் புல்வெளிகளையும் சதுப்புக் காடுகளையும் மூழ்கடிக்கிறது. மீன்கள் அங்கு சென்று முட்டையிடுகின்றன. நீர் வடியும்போது வளர்ந்த மீன்கள் ஆற்றுக்கு வருகின்றன. கடும் கோடையில் ஏரியின் பெரும்பகுதி வறண்டு, புல் முளைத்த மைதானமாகிவிடும்.

அந்தக் கோடை முடிந்து நீர் திரும்பும்போதுதான் மீனவர்கள் அஞ்சும் நாள்கள் வருகின்றன. நீரில் மூழ்கிய புல் அழுகி, உயிர்வளியை உறிஞ்சிவிடுகிறது. நீர் கறுத்து, அமிலத்தன்மை ஏறி, நாற்றமெடுக்கிறது. உள்ளூர் மக்கள் இதை 'பங்கார்' நீர் என்கின்றனர். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து மிதக்கும். ஆற்றில் சுதந்திரமாகத் திரியும் மீன் தப்பி ஓடலாம். கூண்டுகளில் வளர்க்கப்படும் மீனுக்கு ஓட இடமில்லை. கடன் வாங்கிக் குஞ்சு விட்டு, மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த மீன், ஓரிரு நாளில் வெண்வயிறு காட்டி மிதந்துவிடும். பங்கார் இயற்கையான நிகழ்வுதான், பாட்டன் காலத்திலும் இருந்ததுதான். ஆனால் ஏரிகள் வண்டலால் மேடாகி ஆழம் குறைந்துவிட்டதால், வறளும் பரப்பு விரிகிறது. அழுகும் புல்லும் அதற்கேற்பப் பெருகுகிறது. ஆகாயத்தாமரை போன்ற மிதக்கும் களைகள் படகு வழிகளையே அடைத்துவிடுகின்றன.

மீன் குறையும்போது பிடிக்கும் முறை மாறுகிறது. மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பது, நஞ்சு கலப்பது, குஞ்சுகளையும் விடாத நுண்கண் வலைகள் ஆகியன சட்டப்படி தடை செய்யப்பட்டும் ஒழியவில்லை. ஐஸுக்கும் எரிபொருளுக்கும் முன்பணம் தரும் வியாபாரியிடமே மீனை விற்றாக வேண்டும் என்ற நிலையில் உள்ளவரிடம், அடுத்த ஆண்டுக்கு மீனை விட்டுவை என்று சொல்வது எளிது, கேட்பது கடினம். இருந்தும் செமாயாங் ஏரியின் வாயில் உள்ள பேலா கிராமம், மின்சார மீன்பிடிப்பைத் தடுக்கும் விதிகளைத் தானே வகுத்து, சுற்றுலாக் கிராமமாகவும் தன்னை மாற்றிக்கொண்டுள்ளது. மீனவர் வாழ்வைக் காட்டும் சிறிய அருங்காட்சியகம் ஒன்றும் அங்கு உள்ளது.

ஓங்கிலுக்குக் காப்பகம், பார்ஜுக்கு வழி

பேலாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவது 'பெசுத்' என்ற நன்னீர் ஓங்கிலைக் காண்பதற்காக. ஒடிசாவின் சிலிகா ஏரியில் காணப்படும் ஐராவதி ஓங்கிலின் அதே இனம் இது. மகாகமில் இவற்றின் எண்ணிக்கை 60-ஐ ஒட்டியே உள்ளதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தக் கூட்டத்தை அழிவின் விளிம்பில் உள்ளதாக வகைப்படுத்தியுள்ளது. செவுள் வலைகளில் சிக்கி இறப்பதே இவற்றின் சாவுக்கு முதன்மைக் காரணம். வலையருகே ஓங்கில்கள் வராதபடி ஒலி எழுப்பும் சிறு கருவிகளை 'யயாசான் கன்சர்வாசி ராசி' என்ற உள்ளூர்த் தன்னார்வ அமைப்பு மீனவர்களுக்கு வழங்கி வருகிறது.

2022-ல் இந்தோனேசியக் கடல்சார் விவகாரங்கள் மற்றும் மீன்வள அமைச்சகம், ஆற்றின் இப்பகுதியில் ஏறக்குறைய 42,600 ஹெக்டேரைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2021-ம் ஆண்டின் 60-ம் எண் அதிபர் ஆணை, இந்த மூன்று ஏரிகளையும் மீட்டெடுக்கப்பட வேண்டிய 15 தேசிய முன்னுரிமை ஏரித் தொகுதிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இவை உண்மையான முன்னேற்றங்களே. ஆனால் காப்பகம் மீனவரின் வலையை ஒழுங்குபடுத்தும் அளவுக்கு, அதே நீரில் செல்லும் பார்ஜை ஒழுங்குபடுத்துவதில்லை. கப்பல் போக்குவரத்து ஒரு துறையிடம், சுரங்க உரிமம் இன்னொரு துறையிடம், மீன்வளம் மூன்றாவது துறையிடம். விதிகளை முதலில் எதிர்கொள்பவர், ஒரு சிறு படகும் இரண்டு வலைகளும் வைத்திருக்கும் மீனவர்.

குறுகலான கிளையாறுகளில் பார்ஜ் நுழையும்போது ஓங்கிலுக்கும் இடமில்லை, மீனவருக்கும் இடமில்லை. விரித்த வலை அறுபடுகிறது, கூண்டு நகர்கிறது, கரை அரிக்கப்படுகிறது என்பது இவ்வூர் மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார். இழப்பீடு கேட்கலாம், ஆனால் எந்த நிறுவனத்தின் பார்ஜ், எந்த நேரத்தில் இடித்தது என்பதை நிறுவ வேண்டியவர் மீனவர்தான். நகரத்திலும் இதே ஆபத்து உண்டு. சமரிண்டாவில் 1980-களில் கட்டப்பட்ட மகாகம் பாலத்தின் மீது 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் பார்ஜுகள் மோதின. பாலம் இடிபட்டது செய்தியாயிற்று, விசாரணை நடந்தது. நடு மகாகமில் இடிபடும் மீன் கூண்டுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை.

பணக்கார மாவட்டத்தின் ஏழை ஊர்

முவாரா முந்தாயும் பேலாவும் அடங்கிய குத்தாய் கர்த்தனெகாரா, இந்தோனேசியாவின் செல்வ வளம் மிக்க மாவட்டங்களில் ஒன்று. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மூன்றும் அங்கு கிடைக்கின்றன. சட்டப்படி நிலக்கரி உரிமத் தொகையில் ஐந்தில் நான்கு பங்கு மாகாணத்துக்கும் மாவட்டங்களுக்கும் பகிரப்பட வேண்டும். கிழக்கு கலிமந்தானின் வறுமை விகிதம் 2024-ல் 6 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. தேசிய சராசரியைவிட இது குறைவு. காகிதத்தில் இந்த மாகாணம் குறைசொல்ல முடியாத இடம்.

இந்தச் சராசரிக்குள் சுரங்க நிறுவனத்தின் வருவாயும் சமரிண்டாவின் வணிக வளாகமும் அடக்கம். தெப்பத்தில் குளிக்கும் குடும்பம் வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்தால் ஏழை அல்ல என்றே பதிவாகும். அந்தக் குடும்பம் கேனில் குடிநீர் வாங்கும் செலவையும், படகுக்கு எரிபொருள் வாங்கும் செலவையும் அந்தக் கோடு கணக்கில் கொள்ளும் விதம் நகரத்துக்கு ஏற்றதே தவிர, ஆற்றுக்கு ஏற்றதல்ல.

உரிமம் வழங்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதும் கவனத்துக்குரியது. 2001-ல் அதிகாரப் பரவலாக்கம் நடைமுறைக்கு வந்தபின், மாவட்டத் தலைவர்களே நிலக்கரிச் சுரங்க உரிமங்களைத் தாராளமாக வழங்கினர். 2014-ம் ஆண்டுச் சட்டம் அந்த அதிகாரத்தை மாகாணத்துக்கு மாற்றியது. 2020-ம் ஆண்டுச் சட்டம் அதை ஜகார்த்தாவுக்கே கொண்டு சென்றது. அருகில் இருந்தபோது அதிகாரம் விலைபோனது. குத்தாய் கர்த்தனெகாராவின் முன்னாள் தலைவர்களான சவுக்கானி ஹசன் ராய்ஸும் அவரது மகள் ரீத்தா விதியாசாரியும் வெவ்வேறு காலங்களில் ஊழல் வழக்குகளில் தண்டிக்கப்பட்டனர்; மகளுக்கு 2018-ல் 10 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தொலைவுக்குச் சென்றபின், ஊர்க்காரர் தன் புகாரை யாரிடம் கொடுப்பது என்பதே தெரியாமல் போயிற்று. இந்த இரண்டில் எது மேல் என்ற கேள்விக்கு ஆற்றங்கரையில் ஒருமித்த பதில் கிடைக்காது.

சுரங்கம் மூடப்பட்ட இடங்களில் எஞ்சுவது குழி. மாகாணத்தில் நிரப்பப்படாமல் விடப்பட்ட நிலக்கரிக் குழிகள் 1,700-க்கும் மேல் என்றும், அவற்றில் தேங்கிய நீரில் மூழ்கி 2011 முதல் 40-க்கும் மேற்பட்டோர், அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள், உயிரிழந்ததாகவும் 'ஜாதாம்' என்ற சுரங்கக் கண்காணிப்பு அமைப்பு கணக்கிட்டுள்ளது.

நேரடியாகக் கிராமத்துக்கு வரும் பணமும் இல்லாமல் இல்லை. 2014-ம் ஆண்டுக் கிராமச் சட்டத்தின்படி, 2015 முதல் ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்திய அரசு நேரடி நிதி வழங்குகிறது. பலகைப் பாதைகளும் படகுத் துறைகளும் சீரமைக்கப்பட்டதில் இந்த நிதிக்குப் பங்கு உண்டு. மெலிந்தாங் ஏரியில், வீடுகள் அனைத்தும் நீரின் மீதே உள்ள முவாரா எங்கெலாமில், கிராமத்துக்குச் சொந்தமான நிறுவனமே சூரிய மின் நிலையத்தை நடத்திக் கட்டணம் வசூலிக்கிறது. முன்பு டீசல் ஜெனரேட்டர் ஓடும் இரவு நேரத்தில் மட்டுமே அங்கு மின்சாரம் இருந்தது. நிலக்கரி நாளெல்லாம் கடந்து செல்லும் வட்டாரத்தில் ஓர் ஊர் சூரிய ஒளியால் விளக்கேற்றிக்கொள்ள வேண்டியிருப்பது, திட்டமிட்டவர்களின் சாதனையா, விடுபட்டவர்களின் சமாளிப்பா என்று வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கிடையே 2026-ம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், மாகாணங்களுக்கும் மாவட்டங்களுக்கும் மத்திய அரசு அளிக்கும் நிதி, முந்தைய ஆண்டின் சுமார் 919 லட்சம் கோடி ரூபியாவிலிருந்து 693 லட்சம் கோடி ரூபியாவாகக் குறைக்கப்பட்டது. இயற்கை வள வருவாய்ப் பங்கை நம்பியுள்ள கிழக்கு கலிமந்தான் போன்ற மாகாணங்களுக்கு இது பெரிய அடி. மாவட்டம் செலவைக் குறைக்க வேண்டி வந்தால், முதலில் நிற்பது நகரச் சாலையா, ஏரிக்கரையின் கழிப்பறைத் திட்டமா என்பதை ஊகிப்பது கடினமல்ல.

மேலே வறட்சி, மேலேயே வெள்ளம்

ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள மகாகம் உலு மாவட்டத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. சாலை எட்டாத பல ஊர்களுக்கு அரிசி, எரிபொருள், சமையல் எரிவாயு எல்லாம் படகில்தான் செல்ல வேண்டும். கோடையில் நீர்மட்டம் தாழ்ந்து பாறைகள் வெளித்தெரியத் தொடங்கினால் படகுகள் நின்றுவிடும். அப்போது எல்லையோர ஊர்களில் அரிசி விலை நகரத்தைவிடப் பன்மடங்காகிவிடும். 2024 மே மாதத்தில் இதே மாவட்டம் கடும் வெள்ளத்தில் மூழ்கியது. மாவட்டத் தலைநகர் உஜோ பிலாங்கில் கூரை அளவுக்கு நீர் ஏறியது. ஆற்றைப் பார்த்து வீட்டின் உயரத்தைத் தீர்மானித்த முன்னோரின் கணக்கு, இப்போதைய ஆற்றுக்குப் பொருந்தவில்லை.

இதே மாகாணத்தில்தான் இந்தோனேசியாவின் புதிய தலைநகரான நுசந்தரா எழுகிறது. 2022 ஜனவரியில் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. 2024 ஆகஸ்ட் 17-ல் சுதந்திர தின விழா அங்கு நடந்தது. 2028-க்குள் அதை 'அரசியல் தலைநகர்' ஆக்குவது அதிபர் பிரபோவோ சுபியாந்தோ அரசின் இலக்கு. அந்நகருக்கு நீர் வழங்க, நொடிக்கு 2,500 லிட்டர் கொள்ளளவு கொண்ட செபாக்கு செமோய் அணை 2024 ஜூனில் திறக்கப்பட்டது. அங்கு குழாயைத் திறந்து அப்படியே குடிக்கத்தக்க நீர் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. நுசந்தராவின் ஒரு பகுதி அமைந்துள்ளது குத்தாய் கர்த்தனெகாரா மாவட்டத்தின் எல்லைக்குள். படிகாரம் இட்டு நீரைத் தெளிய வைக்கும் முவாரா முந்தாய் அமைந்துள்ளதும் அதே மாவட்டத்தில்தான்.

இந்தியாவின் பங்கு

மகாகம் வழியே வரும் பார்ஜுகள் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அப்பால் முவாரா பெராவ், முவாரா ஜாவா நங்கூரப் பகுதிகளில் பெரிய கப்பல்களுக்கு நிலக்கரியை மாற்றுகின்றன. அங்கிருந்து அவை சீனாவுக்கும் இந்தியாவுக்கும் பிற ஆசிய நாடுகளுக்கும் செல்கின்றன. குஜராத், ஆந்திரம், ஒடிசா துறைமுகங்களுடன், தமிழ்நாட்டின் எண்ணூரும் தூத்துக்குடியும் இந்தோனேசிய நிலக்கரி இறங்கும் இடங்களே. சாம்பலும் கந்தகமும் குறைவு என்பதால், சாம்பல் மிகுந்த உள்நாட்டு நிலக்கரியுடன் கலந்து எரிக்க மின் நிலையங்கள் இதை விரும்புகின்றன.

2022 ஜனவரியில், உள்நாட்டு மின் நிலையங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், இந்தோனேசியா ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியது. அதன் அதிர்வு ஆசியச் சந்தைகளில் உணரப்பட்டது. அதே ஆண்டு கோடையில், மின் தேவை உச்சத்தைத் தொட்டபோது, இறக்குமதி நிலக்கரியை 10 விழுக்காடு வரை கலந்து பயன்படுத்துமாறு இந்திய மின்துறை அமைச்சகம் மாநிலங்களை அறிவுறுத்தியது. இங்கு எடுக்கப்படும் அத்தகைய முடிவுகள் மகாகமின் நீர்வழியில் பார்ஜுகளின் எண்ணிக்கையாக மாறுகின்றன. வாங்கும் நாடு விலை, தரம், கால அளவு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதுகிறது. அது கடந்துவரும் ஆற்றைப் பற்றி எந்த நிபந்தனையும் எழுதுவதில்லை.

இப்போது அந்தத் தேவை சுருங்கத் தொடங்கியுள்ளது. 2023-24 நிதியாண்டில் 26.45 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் மொத்த நிலக்கரி இறக்குமதி, 2024-25-ல் 24.36 கோடி டன்னாகக் குறைந்தது. இந்தோனேசியாவோ 2024-ல் 83.6 கோடி டன் நிலக்கரி எடுத்து, தன் வரலாற்றின் உச்சத்தைத் தொட்டது. வாங்குவோர் குறையும்போது பார்ஜுகளும் குறையும் என்று ஆற்றங்கரை மகிழ்வதற்கில்லை. மாவட்டத்தின் வருவாயும் அதனோடு குறையும். இளைஞர்களுக்குச் சுரங்கத்திலும் இழுவைப் படகிலும் கிடைத்த வேலையும் குறையும். வண்டல் படிந்த ஏரியும் நிரப்பாத குழியும் மட்டும் குறையாது. நிலக்கரி வருவாய் இருக்கும்போதே ஏரிகளைத் தூர்வாருவதற்கும் மிதக்கும் வீடுகளுக்கான கழிவுத் தொட்டிகளுக்கும் நிதி ஒதுக்க வேண்டியதன் அவசரம் இதில்தான் இருக்கிறது. வருவாய் வற்றியபின் அதற்குப் பணம் தேடுவது வீண்.

இந்த ஆற்றுக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு நிலக்கரியோடு தொடங்கியதல்ல. நடு மகாகமின் முவாரா காமானில், 4 அல்லது 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் ஏழு வேள்வித் தூண்கள் கண்டெடுக்கப்பட்டன. பல்லவ எழுத்து மரபில், சமஸ்கிருத மொழியில் பொறிக்கப்பட்ட அந்த யூபக் கல்வெட்டுகள், மூலவர்மன் என்ற அரசன் அந்தணர்களுக்கு 20,000 பசுக்களைக் கொடையளித்ததைக் கூறுகின்றன. இந்தோனேசியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகள் இவையே. தூண்கள் இன்று ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. சமரிண்டாவின் அரசுப் பல்கலைக்கழகம் அந்த அரசனின் பெயரைத் தாங்கியுள்ளது. முவாரா காமானில், கிளையாறு மகாகமுடன் கலக்கும் இடத்தில், ஓங்கில்கள் இன்னும் மூச்சுவிட மேலே வருகின்றன. மீனவர்கள் காலையில் வலை விரிக்கும்போது ஆற்றின் வளைவில் முதலில் கண்ணில் படுவது இழுவைப் படகின் புகைதான். பார்ஜ் வந்து சேர்வதற்குள் வலையைச் சுருட்டிவிட வேண்டும்.